எந்த டிரம்மை வாங்குவது? கடலோரப் பெயிண்ட் யூனிட்டுக்கு டிஸ்பர்சண்ட் தேர்வு

டைட்டானியம் (டைட்டானியம் டை ஆக்சைடு எனும் வெள்ளை நிறமி) வாங்கும்போது மூட்டைக்கு மூட்டை பேரம் பேசும் முதலாளிகூட, நிறமித் துகள்கள் பெயிண்டில் ஒட்டாமல் விலக்கி வைக்கும் டிஸ்பர்சண்ட் என்று வந்தால் கிலோ விலையை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். வெள்ளை எமல்ஷன் பேட்ச் ஒன்றில் அது ஒரு சதவீதம்கூட வராத சரக்கு. ஆனால் புதிதாகப் பூசிய சுவரில் மழைக்குப் பிறகு வழவழப்பான கோடுகள் இறங்கினாலும், பிரைமர் டப்பாவின் அடியில் சிவப்பு ஆக்சைடு கல்லாகிக் கிடந்தாலும், நீல எனாமலில் பிரஷ் போன இடமும் ரோலர் போன இடமும் இரண்டு நிறமாகத் தெரிந்தாலும், விசாரணை கடைசியில் அந்த ஒரு சதவீதத்தில்தான் வந்து நிற்கும்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் சிறிய அளவில் பெயிண்ட் தயாரிப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஒரு எச்எஸ்டி (பிளேடு வேகமாகச் சுற்றிக் கலக்கும் ஹை ஸ்பீட் டிஸ்பர்சர்), வசதி இருந்தால் ஒரு பீட் மில் (சிறு மணிகளால் அரைக்கும் இயந்திரம்), ஒரு கெமிஸ்ட். சரக்கு என்றால் எக்ஸ்டீரியர் எமல்ஷன், ரெட் ஆக்சைடு பிரைமர், சிந்தெடிக் எனாமல், கூடவே கொஞ்சம் ஸ்டெய்னர் எனும் நிறப் பேஸ்ட். சப்ளையர் கொண்டுவரும் கையேட்டில் "இந்த நிறமிக்கு இந்தச் சரக்கு" என்று அழகாகக் கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டம் தவறில்லை. அது பாதித் தேர்வுதான் என்பது என் கருத்து. மில்லில் ஊற்றும் தண்ணீர் எப்படிப்பட்டது, பெயிண்ட் எந்தச் சுவரில் ஏறப்போகிறது, அந்தச் சுவர் நன்றாகக் காய்வதற்குள் மழை வருமா என்பவை மீதிப் பாதி. நம் கடற்கரையில் பெரும்பாலும் இந்த மீதிப் பாதிதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நனைப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு

மூட்டையிலிருந்து கொட்டும் நிறமி தனித்தனித் துகளாக வருவதில்லை, கொத்தாகத்தான் வருகிறது. கொத்துக்குள் அடைந்திருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத் திரவம் உள்ளே புக வேண்டும். பிறகு பிளேடோ மணிகளோ கொத்தை உடைக்க வேண்டும். உடைந்த துகள்கள் மறுபடி ஒட்டாமல் விலகியே இருக்க வேண்டும். முதல் வேலை வெட்டிங் ஏஜெண்டுடையது, மூன்றாவது டிஸ்பர்சண்டுடையது. நடு வேலையை எந்த ரசாயனமும் செய்து தராது. பிளேடு முனை நொடிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் ஓடினால்தான் அது நடக்கும். பெல்ட் தளர்ந்துபோன எச்எஸ்டியை வைத்துக்கொண்டு டிஸ்பர்சண்டைக் குறை சொல்பவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். இது அதிகம், அதனால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் எளிதில் பரவாது. ஆனாலும் டைட்டானியம், இரும்பு ஆக்சைடு, கால்சைட், டோலமைட் இவற்றையெல்லாம் அது தானாகவே நனைத்துவிடும். பீட்டா ப்ளூ எனும் தாலோ நீலத்தையும் கார்பன் பிளாக்கையும் ஆர்கானிக் மஞ்சளையும் தண்ணீரில் தூவிப் பாருங்கள், மேலேயே மிதக்கும். வெட்டிங் ஏஜெண்ட் உண்மையில் தேவைப்படுவது இவற்றுக்குத்தான். வெள்ளை எமல்ஷனில் அதை அள்ளி ஊற்றுவது வெறும் பழக்கம். நுரை கூடும், அந்த நுரையை அடக்க டீஃபோமர் கூடும், இரண்டும் சுவரிலேயே தங்கிவிடும்.

கூழ் தடிப்பாக இருந்தால் கொத்துக்குள் திரவம் நுழையும் வேகம் குறையும். எனவே செல்லுலோஸ் தடிப்பான் முழுவதையும் முதலிலேயே கரைத்துவிட்டு அதில் நிறமியைக் கொட்டாதீர்கள். தண்ணீர், டிஸ்பர்சண்ட், தேவையானால் வெட்டிங் ஏஜெண்ட், கொஞ்சம் டீஃபோமர், அதன் பிறகு நிறமி. இந்த வரிசையை மாற்றினால் விலை உயர்ந்த சரக்கும் மட்டமானதாகத் தெரியும்.

துகள்களை விலக்கி வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மின்னேற்றம்: எல்லாத் துகள்களின் மேலும் எதிர்மின் ஏற்றத்தைப் பூசிவிட்டால் அவை ஒன்றையொன்று தள்ளும். பாலிபாஸ்பேட்டும் பாலிஅக்ரிலேட்டும் இந்த வகை. மலிவு, குறைந்த அளவே போதும். ஆனால் தண்ணீரில் உப்பு கூடக் கூட இந்தத் தள்ளுவிசை எட்டும் தூரம் சுருங்கிவிடும். இன்னொன்று இடம்பிடித்தல்: துகளை ஒரு முனையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நீண்ட பாலிமர் வால்களை வெளியே நீட்டுவது. வால்கள் குறுக்கே நிற்பதால் துகள்கள் நெருங்க முடியாது. உப்பு இதை அவ்வளவாகப் பாதிக்காது. தின்னர் பெயிண்டில் (தண்ணீருக்குப் பதில் தின்னரில் கரைத்த எனாமல், பிரைமர் வகையில்) மின்னேற்றம் பெரிதாக உதவாது என்பதால் அங்கே இது ஒன்றுதான் வழி. விலையும் அளவும் அதிகம்.

தண்ணீர் பெயிண்ட்: மலிவிலிருந்து மேலே

மிக மலிவானது பாலிபாஸ்பேட். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் தூளாகக் கிடைக்கும். களிமண் வகைக்கும் கால்சைட்டுக்கும் நன்றாக வேலை செய்யும், கடின நீரிலுள்ள கால்சியத்தையும் கட்டிப்போடும். குறை என்னவென்றால் தண்ணீரில் இது மெல்ல மெல்லச் சிதைந்து சாதாரண பாஸ்பேட்டாகிவிடும். சூடு ஏறினால் இன்னும் சீக்கிரம். கத்திரி வெயிலில் தகரக் கூரை குடோனுக்குள் நிற்கும் டப்பாவில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாசியில் சரியாக இருந்த பெயிண்ட் ஆடியில் தடித்துப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பொட்டாசியம் ட்ரைபாலிபாஸ்பேட் இதைவிடத் தாங்கும், சுவரில் உப்புப் பூப்பதும் குறைவு. அதையும் தனியாக நம்புவதைவிட, பாலிஅக்ரிலேட்டுக்குத் துணையாகச் சிறிதளவு சேர்ப்பதே நல்ல வழி. உள்சுவர் டிஸ்டெம்பர், மலிவு எமல்ஷன் இவற்றோடு இதன் எல்லை முடிந்தது.

அடுத்தது சோடியம் பாலிஅக்ரிலேட். எமல்ஷனில் பரவலாகப் பயன்படுவது இதுதான். நிறமியும் எக்ஸ்டெண்டரும் (கால்சைட், டோலமைட் போன்ற மலிவு நிரப்பிகள்) சேர்ந்த எடையில் 0.3 முதல் 0.5 சதவீதம் செயல்பொருள் (டிரம்மில் உள்ள தண்ணீர் நீங்கலாக, உண்மையில் வேலை செய்யும் சரக்கு) போதும். கூழ் சட்டென்று இளகும், சேமிப்பில் நிலையாக இருக்கும். செல்லுலோஸ் தடிப்பானோடு நன்றாக ஒத்துப்போகும். யூரித்தேன் வகைத் தடிப்பான்களோடு அவ்வளவு ஒத்துப்போகாது, மேலே தெளிநீர் பிரிந்து நிற்கும் வாய்ப்பு உண்டு.

இங்கேதான் தண்ணீர்க் கதை வருகிறது. 1,000 கிலோ பேட்ச் ஒன்றில் நிறமியும் எக்ஸ்டெண்டரும் 400 கிலோ, தண்ணீர் 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.4 சதவீதம் என்றால் 1.6 கிலோ செயல்பொருள். தண்ணீர் போர்வெல்லிலிருந்து வருகிறது, கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 வேறு வழியில்லாத இடங்களில் அனுமதிக்கும் உச்ச வரம்பு இதுதான். 300 லிட்டரில் அது 180 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அந்தக் கால்சியம் அத்தனையும் பாலிஅக்ரிலேட்டைப் பிடித்துக்கொண்டால் சுமார் 340 கிராம் செயல்பொருள் நிறமியை எட்டிப் பார்க்காமலே செலவாகிவிடும். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு! இது கடினத்தன்மைக் கணக்கு மட்டும். கடல்நீர் ஏறிய போர்வெல்லில் சோடியம் குளோரைடு வேறு இருக்கும். அது டிஸ்பர்சண்டைத் தின்னாது, தள்ளுவிசையை மட்டும் அமுக்கும்.

கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறுவது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் புதிதல்ல. ஆகவே கடையில் விலை விசாரிப்பதற்கு முன் உங்கள் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கோடையில் ஒரு முறை, மழை முடிந்ததும் ஒரு முறை. இரண்டு அறிக்கைகளும் ஒரே மாதிரி வந்தால் அதிர்ஷ்டம். தண்ணீர் மோசம் என்று தெரிந்தால் இரண்டு வழி: மில் பேஸுக்கு (நிறமியைக் கலக்கி அரைக்கும் கூழுக்கு) மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் போடுவது, அல்லது உப்பைத் தாங்கும் டிஸ்பர்சண்டுக்கு மாறுவது. 300 லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீர் என்பது பெரிய செலவே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் டிரம்மை மாற்றுவேன்.

சோடியம் பாலிஅக்ரிலேட்டின் இன்னொரு குறை, அது சுவரில் அப்படியே உப்பாகத் தங்கிவிடுவது. உப்பு தண்ணீரை இழுக்கும். உள்சுவருக்குப் பாதகமில்லை, வெளிச்சுவருக்குப் பாதகம். அமோனியம் பாலிஅக்ரிலேட்டில் பெயிண்ட் காயும்போது அமோனியா பறந்துவிடும். மிஞ்சுவது அமில வடிவம், அது தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் இளகாது. சுவரைக் கழுவித் தேய்த்தாலும் கூடுதலாகத் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதல். மில் ரூமில் நெடி அடிக்கும், பிஎச் 8.5-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்முலாவில் துத்தநாக ஆக்சைடு இருந்தால் அமோனியாவோடு சேர்ந்து சேமிப்பில் கெட்டியாகும் அபாயம் உண்டு. பூஞ்சைக்காக துத்தநாக ஆக்சைடு போடுகிறவர்கள் அடுப்புச் சோதனை (டப்பாவைச் சில வாரம் சூட்டில் வைத்துப் பார்ப்பது) செய்யாமல் இதற்குள் இறங்க வேண்டாம்.

இதற்கு மேலே நீர்விலக்கும் கோபாலிமர்கள். அக்ரிலிக் அமிலம் அல்லது மெலிக் அன்ஹைட்ரைடோடு தண்ணீரை விரும்பாத பகுதி ஒன்றைக் கோத்துச் செய்தவை. டவ் நிறுவனத்தின் ஓரோட்டான், டாமால் வரிசைகளில் பாலிஅமில வகையும் உண்டு, இந்த வகையும் உண்டு. பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் எது வரும் என்று தெரியாது, நம்பரையும் சொல்ல வேண்டும். இந்த வகை காய்ந்த படலத்தைத் தண்ணீர் ஊறாமல் காக்கும், பளபளப்புக் கூட்டும், யூரித்தேன் தடிப்பானோடு ஒத்துப்போகும். இதற்கு ஈடாகக் கேட்பது இரண்டு: நுரை கொஞ்சம் அதிகம், அளவும் அதிகம். முன்பு சொன்ன அதே 400 கிலோவுக்கு 1 சதவீதம் என்றால் 4 கிலோ செயல்பொருள். டிரம்மில் 25 சதவீதம்தான் செயல்பொருள் என்றால் 16 கிலோ ஊற்ற வேண்டும். 40 சதவீதச் செயல்பொருள் உள்ள பாலிஅக்ரிலேட் 4 கிலோதான் ஆகியிருக்கும். கிலோ விலையை வைத்து மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவது இங்கேதான். ஒப்பிட வேண்டியது ஒரு பேட்சுக்கு ஆகும் செலவை.

அந்தக் கூடுதல் செலவு வெளிச்சுவர் எமல்ஷனில் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது தீபாவளியையும் பொங்கலையும் ஒட்டி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. பெயிண்ட்காரர் ஏணியை மடித்த அன்று இரவே சாரல் அடிக்கும், அடிக்காவிட்டால் பனி இறங்கும். படலம் முழுதாக இறுகுவதற்கு முன் நனைந்தால், தண்ணீரில் கரையும் பொருள்கள் எல்லாம் மேலே வந்து கோடு கோடாக வழியும். வெளிர் நிறத்தில் கண்ணுக்குப் படாது. அழுத்தமான மஞ்சளிலும் செம்மண் நிறத்திலும் பளிச்சென்று தெரியும். வெட்டிங் ஏஜெண்ட், கிளைகால், ஸ்டெய்னரில் உள்ள சர்ஃபாக்டண்ட், சோடியம் உப்பு எல்லாமே அதில் பங்காளிகள். முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் கரையும் சரக்கைக் குறைத்தால் கோடும் குறையும்.

வெட்டிங் ஏஜெண்டில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். நோனைல் பினால் எத்தாக்சிலேட் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது, நனைப்பதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுவிய தண்ணீர் ஓடையிலும் ஆற்றிலும் சேரும்போது அது நோனைல் பினாலாகச் சிதைகிறது, அது மீன்களின் ஹார்மோனையே குலைக்கும் பொருள். உப்பனாற்றங்கரையில் தொழில் செய்துகொண்டு இதை ஊற்றுவதற்கு எனக்கு மனம் வராது. ஆல்கஹால் எத்தாக்சிலேட் வகைக்கு மாறுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை.

மஞ்சள் சுவர்

பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த சுவர்களைப் பார்த்துவிட்டு, லாஸ்பேட்டையிலும் வில்லியனூரிலும்கூட அந்த மஞ்சளைக் கேட்கிறார்கள். அந்த மங்கிய கடுகு மஞ்சள் மஞ்சள் இரும்பு ஆக்சைடில் கிடைக்கும். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாத நிறமி. ஆனால் துகள் ஊசி வடிவம். ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் எண்ணெய் உறிஞ்சல் அதிகம், கூழ் சீக்கிரம் தடிக்கும். வெள்ளைக்குப் போட்ட அதே பாலிஅக்ரிலேட் அளவு இங்கே போதாது, கூட்ட வேண்டும். மற்றபடி தண்ணீர் நனைக்கும் நிறமி என்பதால் புதிதாக ஒரு டிரம் வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் கேட்டால் கதை வேறு. முன்பு லெட் குரோம் இருந்தது. கனமான, எளிதில் நனையும், அரைக்க வம்பு செய்யாத நிறமி. வீட்டு அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. குழந்தைகள் சுவரைச் சுரண்டி வாயில் வைக்கிற வீடுகளுக்கு அது நல்ல விதி. அதன் இடத்துக்கு வந்த ஆர்கானிக் மஞ்சள்கள் சன்னமானவை, பரப்பளவு அதிகம், தண்ணீரை விரும்பாதவை. பாலிஅக்ரிலேட் இவற்றைப் பிடிப்பதே இல்லை. இங்கேதான் உயர் மூலக்கூறு எடைப் பாலிமர் டிஸ்பர்சண்ட் தேவைப்படுகிறது. பிஒய்கே நிறுவனத்தின் டிஸ்பர்பிக், எவோனிக்கின் டெகோ டிஸ்பர்ஸ், லூப்ரிசாலின் சோல்ஸ்பர்ஸ் போன்ற பெயர்களில் வருபவற்றில் பல இந்த வகை.

இவற்றுக்கு அளவு போட ஒரு எளிய கணக்கு உண்டு. நிறமியின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்புக்கும் 2 மில்லிகிராம் செயல்பொருள். கிராமுக்கு 60 சதுர மீட்டர் பரப்புள்ள தாலோ நீலம் என்றால் நிறமி எடையில் 12 சதவீதம். 200 சதுர மீட்டர் உள்ள கார்பன் பிளாக் என்றால் 40 சதவீதம்! முதன்முறை கேட்பவர் அதிர்ச்சியடைவது இயல்பு. இது தொடக்கப் புள்ளிதான், சோதித்துப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆனால் கருப்புக்கு 5 சதவீதம் போட்டுவிட்டு "இந்தச் சரக்கு சரியில்லை" என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. பரப்பளவு எண் நிறமி சப்ளையரின் தாளிலேயே இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு விலை கொடுத்து ஒவ்வொரு பேட்சிலும் ஊற்றுவது சின்ன யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆர்கானிக் நிறமிகளுக்கும் கருப்புக்கும் ஸ்டெய்னர் பேஸ்ட் தனியாக அரைத்து வைத்துக்கொள்வதே மேல். பீட் மில் இல்லாதவர்கள் அரைக்கவே வேண்டாம், நல்ல ஸ்டெய்னரை விலைக்கு வாங்கிவிடலாம். எச்எஸ்டியில் ஆர்கானிக் நிறமியை மணிக்கணக்கில் சுற்றினாலும் நிறவலிமை முழுதாக வெளியே வராது, மீதி காசு கொத்துக்குள்ளேயே கிடக்கும்.

தின்னர் பெயிண்ட்

நீள எண்ணெய் ஆல்கிட் ரெசினே நல்ல நனைப்பான். டைட்டானியத்துக்கும் இரும்பு ஆக்சைடுக்கும் எதுவும் சேர்க்காமலே, அரைப்பின் நயத்தைக் காட்டும் ஹெக்மன் கேஜில் (எண் கூடினால் நயம் கூடுதல்) 7 வந்துவிடும். பிறகு எதற்கு டிஸ்பர்சண்ட்? மூன்று காரணங்கள்: அரைக்கும் நேரத்தைக் குறைக்க, அடியில் கல்லாகாமல் காக்க, இரண்டு நிறமி கலந்த நிறம் பிரியாமல் இருக்க. எந்தக் காரணத்துக்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் டிரம்.

நேரத்தைக் குறைக்க சோயா லெசித்தினே போதும். பழைய ஆட்கள் இன்னும் விடாமல் பிடித்திருப்பது இதைத்தான், அதில் தவறில்லை. நிறமி எடையில் 0.5 முதல் 1 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாராளமாக ஊற்றினால் காய்வது தாமதமாகும், மேல்பூச்சு பிடிப்பதும் குறையும்.

ரெட் ஆக்சைடு பிரைமருக்கு வேண்டியது வேறு. சிவப்பு ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 5 மடங்கு. முழுதாகப் பிரிந்து தனித்தனியாக நிற்கும் கனத்த துகள் ஒவ்வொன்றாக இறங்கி அடியில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதைக் கம்பியால் குத்தினாலும் கிளப்ப முடியாது. ஆகவே இங்கே "நன்றாகப் பிரிப்பது" என்பதே தவறான குறிக்கோள். துகள்களை லேசாகக் கோத்து ஒரு தளர்ந்த வலைபோல் வைத்திருக்கும் வகை வேண்டும். பாலிஅமைன் அமைடும் அமிலப் பாலியெஸ்டரும் சேர்ந்த உப்பு வகை டிஸ்பர்சண்டுகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. வலை இருந்தால் இறங்கினாலும் மெத்தென்று இறங்கும், கலக்கினால் எழும். பளபளப்பு கொஞ்சம் குறையும். பிரைமருக்குப் பளபளப்பு எதற்கு? விலை உயர்ந்த உயர்பாலிமர் டிஸ்பர்சண்டைப் பிரைமரில் போட்டு அடியில் கல்லாக்கிக்கொண்டவர்கள் உண்டு. விலை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

எனாமல்தான் கஷ்டமான இடம், அதிலும் படகுகளுக்கும் கேட்டுகளுக்கும் எல்லோரும் கேட்கிற அந்த நடுத்தர நீலம். டைட்டானியமும் பீட்டா ப்ளூவும் கலந்தது. வெள்ளைத் துகள் பெரிது, கனம். நீலத் துகள் சன்னம், லேசு. ஒன்று கொத்தாகத் திரண்டு மற்றது சுதந்திரமாக அலைந்தால், காயும் படலத்தில் நிறம் பிரிந்து திட்டுத்திட்டாகத் தெரியும். எது திரண்டது என்று கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். பூசிப் பாதி காய்ந்த இடத்தை விரலால் மெல்லத் தேயுங்கள். தேய்த்த இடம் சுற்றுப்புறத்தைவிட நீலமாக மாறினால் திரண்டிருந்தது நீலம். வெளுத்தால் திரண்டிருந்தது டைட்டானியம். மாறவே இல்லை என்றால் பேஸ்ட் நன்றாக இருக்கிறது.

வெள்ளை திரண்டிருந்தால் அமிலத் தொகுதி உள்ள பாலிமர், குறிப்பாகப் பாஸ்பாரிக் எஸ்டர் வகை, உதவும். அலுமினா பூசிய டைட்டானியத்தின் பரப்பில் அது இறுகப் பிடிக்கும். நீலம் திரண்டிருந்தால் அமைன் பிடிகள் உள்ள உயர்பாலிமர் வேண்டும், அல்லது நிறமியையே திரளாத வகைக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. பீட்டா ப்ளூவில் 15:3 எண் வகையிலிருந்து திரளாத 15:4 எண் வகைக்கு மாறினாலே சில சமயம் டிஸ்பர்சண்ட் செலவு குறைந்துவிடும்.

அமைன் வகையில் ஒரு எச்சரிக்கை. அமில வினையூக்கி போட்டுச் சூளையில் சுடும் பெயிண்டில் அது அந்த அமிலத்தையே தின்றுவிடும், படலம் வேகாது. இரண்டு டப்பா பாலியூரித்தேனில் கலந்த பிறகு கிடைக்கும் நேரத்தைக் குறைத்துவிடலாம். ஆல்கிட் எனாமலில் இந்தத் தொல்லைகள் இல்லை.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நவம்பரில் திறந்து வைத்த மூட்டை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தின்னர் பெயிண்டில் துகளின் மேல் உள்ள தண்ணீர்ப் படலம் துகள்களை ஒட்டவைக்கும் பசையாகிவிடும். அப்போது டிஸ்பர்சண்ட் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பயன் இல்லை. மூட்டையைக் கட்டி வையுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

ஹெக்மன் கேஜ் மிகப் பெரிய துகளை மட்டுமே காட்டும். இன்று பிரிந்த துகள் நாளை மறுபடி திரளுமா என்பது அதற்குத் தெரியாது. கேஜில் 7 வந்தது என்று இரண்டு சரக்கும் சமம் எனச் சொல்லிவிட முடியாது.

தண்ணீர் பெயிண்டுக்கு முதலில் தேவை வளைவுச் சோதனை. உங்கள் நிறமிக் கலவையை, உங்கள் தண்ணீரில், கெட்டியான கூழாகக் கலக்கி, டிஸ்பர்சண்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே தடிப்பை அளக்க வேண்டும். இறங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறும். அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே உள்ள அளவுதான் உங்களுக்கு. ஆர்ஓ தண்ணீரில் ஒரு முறை, போர்வெல் தண்ணீரில் ஒரு முறை செய்தால் பள்ளம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் அறிக்கையைவிட முதலாளிக்கு இது சீக்கிரம் புரியும்.

பிறகு முழு பெயிண்டாகச் செய்து 50 டிகிரி அடுப்பில் இரண்டு முதல் நான்கு வாரம். கேயூ (பெயிண்டின் தடிப்பை அளக்கும் கிரெப்ஸ் அலகு) எவ்வளவு ஏறுகிறது, மேலே தண்ணீர் பிரிகிறதா, அடியில் என்ன. உறைந்து உருகும் சோதனையைக் குளிர்நாட்டுக் கையேடுகள் வலியுறுத்தும், நாம் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு பலகையில் அழுத்தமான நிறத்தைப் பூசி, ஒரு இரவு காய்ந்ததும் செங்குத்தாக நிறுத்தித் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்த டிஸ்பர்சண்டில் கோடு குறைவாக இறங்குகிறது என்பது மறுநாள் தெரிந்துவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், சப்ளையர் கையேட்டிலும் இது பெரும்பாலும் இருக்காது.

எத்தனை டிரம்

எல்லாவற்றுக்கும் ஒன்று என்று விற்கப்படும் பொதுச் சரக்கை நான் வாங்க மாட்டேன். வெள்ளைக்கு அது தேவைக்கு மேல், கருப்புக்குத் தேவைக்குக் கீழ். அதே சமயம் எட்டு வகை வாங்கி அடுக்கினால் பாதி காலாவதியாகும்.

வெறும் எமல்ஷன் மட்டும் தயாரிக்கும் யூனிட்டுக்கு இரண்டு போதும். உள்சுவருக்கு சோடியம் பாலிஅக்ரிலேட், துணைக்குக் கொஞ்சம் பொட்டாசியம் ட்ரைபாலிபாஸ்பேட். வெளிச்சுவருக்கு நீர்விலக்கும் கோபாலிமர். அது கட்டுப்படியாகாவிட்டால் அமோனியம் பாலிஅக்ரிலேட். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் ஒரே டிஸ்பர்சண்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால், வெளிச்சுவருக்கானதையே இரண்டிலும் போடுங்கள். தின்னர் பெயிண்டும் செய்பவர்களுக்குக் கூடவே லெசித்தினும், பிரைமருக்கான வலை கோக்கும் வகையும். உயர்பாலிமர் டிஸ்பர்சண்ட் பீட் மில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் சிறிய கேனில்.

சப்ளையரிடம் மாதிரி கேட்கும்போது செயல்பொருள் சதவீதம், எந்த உப்பு, எந்த பிஎச் எல்லையில் வேலை செய்யும், தயாரித்த தேதி, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். மாதிரியை ஆவணியிலேயே வாங்கிவிட்டால் அடுப்புச் சோதனை முடிந்து, ஐப்பசி மழைக்கு முன் முதல் பேட்ச் கடைக்குப் போய்விடும்.